ஆண்டறிக்கை 2024–25: ஜனவரி 9 ஆவண முகாம்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், விடுப்பில் ஊர் வந்திருக்கும் சகோதரர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் செய்த பணிகளின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, வெளிநாடுவாழ் இந்தியர் தினமான ஜனவரி 9 அன்று, வெளிநாட்டில் வேலை செய்வோர் குடும்பங்களின் ஆவணங்களைச் சரிபார்க்க நடத்திய முகாம். பொன்னாடை, பட்டிமன்றம் வைக்காமல் ஜெராக்ஸ் இயந்திரமும் நோட்டரியும் வைத்து ஏன் கொண்டாட வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பதில் அந்த நாளிலேயே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 21 ஆண்டுகள் கழித்துவிட்டு, காந்தியடிகள் 1915 ஜனவரி 9 அன்று பம்பாயில் வந்திறங்கினார். சட்ட நிபுணர் எல்.எம். சிங்வி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி அந்த நாளை மத்திய அரசு தேர்ந்தெடுத்தது. இந்த நாளையொட்டிய முதல் அரசு மாநாடு 2003இல் டெல்லியில் நடந்தது. 2009இல் சென்னையில் நடந்தது. 2015க்குப் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றானது. 2025இல் ஜனவரி 8 முதல் 10 வரை புவனேஸ்வரில் நடந்தது. அங்கே முதலீடு, விருது, கண்காட்சி எல்லாம் உண்டு, அவையும் வேண்டியவைதான். ஆனால் 1894இல் டர்பனில் காந்தியிடம் வந்து நின்றவர் முதலீட்டாளர் அல்ல. முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தத்தோடு வந்த பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி. காந்தியின் குமாஸ்தாவும் தமிழர் என்பதால் அவர் சொன்னது புரிந்தது. காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயச் சான்று வாங்கினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலம். அதன்பிறகே ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றும் பேச்சு. இன்றும் இதே வரிசைதான். சான்று கையில் இல்லாதவருக்குத் தூதரகமே நினைத்தாலும் அதிகம் செய்ய முடியாது. காந்தி 1915இல் தில்லையாடிக்கு வந்துபோனார் என்பதும், தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெயரோடு நம் பக்கத்து ஊர் சேர்ந்திருப்பதும் இந்த நாளின் மீது நமக்குள்ள உரிமை.

தேதியிலும் ஒரு வசதி உண்டு. பொங்கலுக்காக வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் அந்த வாரத்தில் ஊரில் இருப்பார்கள். இவ்வாண்டு வியாழக்கிழமையாக அமைந்ததால் வங்கி, தாலுகா அலுவலகம், இ-சேவை மையம் எல்லாம் திறந்திருந்தன. ஜனவரி 12 அயலகத் தமிழர் தினத்துக்குச் சென்னை போனவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை.

முகாமின் முதல் மேசை பெயருக்கானது. அதிக நேரம் பிடித்ததும் அதுதான். நமக்கு இனிஷியல் பழக்கம். பாஸ்போர்ட்டிலோ இனிஷியல் செல்லாது, அப்பா பெயர் விரிந்து நிற்கும். ஆதாரில் ஓர் எழுத்து, வங்கியில் எழுத்தே இல்லை, மனைவியின் அட்டையில் கணவர் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். உயிரோடு இருக்கும்வரை இது யாரையும் உறுத்தாது. இழப்பீட்டுத் தொகை வாங்கப் போகும்போதுதான் "இவரும் அவரும் ஒருவரா" என்ற கேள்வி வரும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்ட ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இனி பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டங்களையும் நிரப்பியே எடுங்கள். இருப்பவர்கள் புதுப்பிக்கும்போது மனைவி பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது குடிபெயர்வு அனுமதி. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை, அதாவது வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி தேவைப்படும் வகை. அவர் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவாக வேண்டும். "விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படிப் போனவருடைய ஒப்பந்தம் எங்கும் பதிவாவதில்லை, கட்டாயக் காப்பீடும் எடுக்கப்படுவதில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் மட்டுமே. உரிம எண்ணை இ-மைகிரேட் தளத்தில் சரிபார்த்த பிறகு வங்கி வழியாகவே செலுத்தி ரசீது வாங்க வேண்டும். ரசீது தர மறுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

விசாவில் உள்ள தொழிலின் பெயரை அரபியில் படித்துச் சொல்ல நம் மூத்த உறுப்பினர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இங்கே "கம்பெனி டிரைவர்" என்று பேசி, விசாவில் "வீட்டு ஓட்டுநர்" என்றிருந்தால் இரண்டும் ஒன்றல்ல. சவூதியில் வீட்டுப் பணியாளர்கள் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்கு விதிகள் தனி. விமானம் ஏறுவதற்கு முன் கண்டுபிடித்தால் போகாமல் இருக்கலாம். இறங்கிய பிறகு ஆள் கையில் எதுவும் இல்லை.

மேலே சொன்ன கட்டாயக் காப்பீடான பிரவாசி பாரதிய பீமா யோஜனா பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். பாலிசி எடுக்கப்பட்டிருப்பது பல வீடுகளில் தெரிவதேயில்லை, ஏனென்றால் அந்தத் தாள் போனவரின் பெட்டிக்குள்ளேயே போய்விடுகிறது. நியமனதாரராக (நாமினி) அம்மா பெயரை எழுதி, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. காலாவதித் தேதியைப் பார்த்துப் புதுப்பிக்கும் பொறுப்பை வீட்டில் இருப்பவர் ஏற்க வேண்டும்.

மரணம் நேர்ந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதைப் பேசத் தயங்கினோம், பேசியதே நல்லது. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்று நெருங்கிய வாரிசு எழுதித் தரும் கடிதமும், அங்கே கையெழுத்திட ஒருவரை அதிகாரப்படுத்தும் ஆவணமும் நோட்டரி சான்றோடு போக வேண்டும். மனைவி ஒரு கடிதம், தாயார் வேறொரு கடிதம் என்று போனால் அங்கே வேலை அப்படியே நின்றுவிடும். மருத்துவ அல்லது காவல் அறிக்கை, இறப்புச் சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று ஆகியவை சேர்ந்த பிறகே விமானம். முதலாளி செலவை ஏற்காத நிலையில், 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவ வழியுண்டு. வசதியற்ற நிலையைக் காட்டிக் கேட்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் குறைதீர்ப்புத் தளமான 'மதத்'தில் பதிவு செய்து கிடைக்கும் எண்ணைக் குறித்துவைத்தால்தான் தொடர்ந்து விசாரிக்க முடியும்.

வங்கி மேசைக்கு எதிர்பார்த்த கூட்டமில்லை. வெளிநாடு போனவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

முகாமுக்கு வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு தரப்பட்டது. அதில் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஒப்பந்தம், பாலிசி, அங்குள்ள அடையாள அட்டை, முதலாளியின் முகவரி ஆகியவை இரண்டிரண்டு பிரதிகள் இருக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கிறது என்று விடாதீர்கள். கைப்பேசி அவரிடமே இருக்கும்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

2026இல் ஜனவரி 9 வெள்ளிக்கிழமை வருகிறது. ஜும்மா தொழுகைக்காக 12 மணி முதல் 2 மணி வரை இடைவேளை விட்டு, முகாமைக் காலை 8 மணிக்கே தொடங்கலாம் என நிர்வாகக் குழு முன்மொழிகிறது. பெயர் மேசையை இரண்டாக்கவும், நோட்டரி பிற்பகலிலும் இருக்கவும் ஒப்புதல் கேட்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்