தேர்த் தொம்பை தைப்பவர்களையும் கூப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒட்டுத்துணிப் போர்வை பற்றி வந்ததைப் படித்தேன். படம் அழகு. ஆனால் ஏதோ அமெரிக்காவிலிருந்து நேற்று வந்து இறங்கிய கலை மாதிரி எழுதியிருந்ததுதான் உறுத்தியது. முத்தியால்பேட்டையில் நாங்கள் சில பெண்கள் ஞாயிறு மதியம் கூடி இதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

துணியெல்லாம் தையல்கடை வெட்டுத்துண்டுதான். நடுவில் பஞ்சு விரிக்கச் சொல்கிறார்கள், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போர்த்திக்கொண்டு யார் தூங்குவது? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியை வைத்துத் தைக்கிறோம், போதும். வங்காளத்துக் காந்தாப் போர்வையிலும் பழைய புடவைகளை அடுக்கித்தான் ஓட்டுத்தையல் போடுகிறார்கள். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வை இன்னும் விசேஷம்: ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள், நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள்.

எங்களைப் படுத்துவது அப்ளிக், அதாவது துணியை உருவமாக வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் வேலைதான். ஒரு மாங்காய் உருவம் வைக்க வேண்டும் என்றால் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, அந்த ஓரத்தை ஊசி முனையாலேயே உள்ளே தள்ளித் தள்ளி, நூல் வெளியே தெரியாமல் தைத்துக்கொண்டே போக வேண்டும். உள்வளைவில் பொடிப்பொடியாக நறுக்கு கொடுக்காவிட்டால் துணி சுருங்கும், நுனியிலோ மடிப்பெல்லாம் சேர்ந்து முண்டு தட்டும்.

சரி, துணியை வெட்டி துணிமேல் தைக்கும் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் யார்? தேருக்குத் தொம்பை, அதாவது தேரைச் சுற்றி உருளை மாதிரி தொங்கும் அந்தத் துணி அலங்காரம், தைக்கிறவர்கள். யாளி, மயில், தாமரை என்று வண்ணத்துணியில் வெட்டி வைத்துத் தைப்பது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தலைமுறைத் தொழில். வில்லியனூரில் தேர் இழுக்கப் போகிறவர்கள் வடத்தை விட்டுவிட்டு ஒரு நிமிடம் தேரில் தொங்குவதைப் பாருங்கள்.

இங்கே மகளிர் குழுக்களுக்குத் தையல் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஜாக்கெட், சுடிதார், அப்புறம் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். தொம்பை தைக்கும் பெரியவர் ஒருவரை ரெண்டு நாள் வரவழைக்க அரசு ஏற்பாடு செய்யலாமே. கௌரவமான கூலியோடுதான், சால்வை போட்டு அனுப்புகிற கதையெல்லாம் வேண்டாம். திருவிழாக் காலத்தில் அவர்களுக்கு ஓய்வே இருக்காது, ஐப்பசி கார்த்திகையில் கூப்பிடலாம். உங்கள் இணைப்பிலும் அடுத்த முறை ஒரு தொம்பையைக் கிட்டத்தில், தையல் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடுங்கள்.

ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி