ஆராதனை ராத்திரியில் அறையும் இல்லை, கட்டிய பணமும் வரவில்லை

அனுப்புநர்: பாட்டு ஆசிரியை, திருவாரூர்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், அறை முன்பதிவுச் செயலி நிறுவனம்

பொருள்: முழுப் பணம் கட்டி உறுதியான இரண்டு அறைகளைத் தராமல், "விருந்தினர் வரவில்லை" என்று பொய்யாகப் பதிவு செய்து, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முன்பதிவு விவரமெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். அதனால் அதை மறுபடி எழுதப்போவதில்லை. போனை எடுக்கிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. பாட்டுச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவளுக்கு அது சாதாரண நஷ்டம் இல்லை.

திருவையாறு தியாகராஜ ஆராதனைக்கு வருடா வருடம் என் மாணவிகளை அழைத்துப் போகிறேன். கர்நாடக சங்கீத மேதை தியாகராஜ சுவாமிகள் 1767-இல் பிறந்தது எங்கள் திருவாரூரில், 1847-இல் சித்தியடைந்தது திருவையாற்றில். அவர் சித்தியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை ஒன்பது மணி வாக்கில், அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம் தொடங்கிவிடும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் ஐந்தும் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது. பாடுகிறவர்களோடு உட்கார வேண்டுமென்றால் வெகு முன்னதாகப் போய் இடம் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் முதல் நாள் ராத்திரி தஞ்சாவூரில் தங்குவது. தீபாவளி சமயத்திலேயே உங்கள் செயலியில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு அறை போட்டேன். ஓர் அறை 1,400 ரூபாய், மொத்தம் 2,800. முழுப் பணமும் அன்றைக்கே கட்டியாயிற்று. "உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று நிறுவனம் நடத்துகிற நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பெண் குழந்தைகளோடும், முட்டிவலிக்கார அத்தையோடும், தம்புரா பெட்டியோடும் போய் நிற்கிறேன். வரவேற்பில் இருந்தவர் என் போனை வாங்கிப் பார்க்கவே இல்லை. பின்னால் சுவரில் இருந்த கட்டணப் பலகையைக் கை காட்டினார். அதன்மேல் ஒரு கோடு போட்ட தாளை செலோடேப்பால் ஒட்டி, நீலப் பேனாவில் "ஆராதனை ரேட் 4,200" என்று எழுதியிருந்தார்கள். ஒரு மூலையில் டேப் விட்டுப்போய், அடியில் அச்சடித்த 1,400 பாதி தெரிந்தது. படம் எடுத்து இணைத்திருக்கிறேன். "ஆப்ல போட்ட ரேட் ஆராதனைக்குச் செல்லாது மேடம். வித்தியாசத்தைக் கட்டுங்க, இல்லன்னா வேற இடம் பாருங்க" என்றார். அந்த ராத்திரி தஞ்சாவூரில் வேறு இடம் எங்கே இருக்கிறது?

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். அந்தத் தம்பியின் பேச்சைப் பதிவு செய்திருப்பீர்கள், தயவுசெய்து ஒரு தடவை நீங்களே போட்டுக் கேளுங்கள். விசேஷ நாளில் விலை ஏறுவது சகஜம் என்றார். அப்புறம், "நிகழ்ச்சி டிக்கெட்டை அனுப்புங்க, அதைப் பார்த்துத்தான் உங்க கேஸை அவசரமா எடுக்கலாமான்னு சொல்ல முடியும்" என்றார். ஆராதனைக்கு ஏது சார் டிக்கெட்? யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். இல்லை என்றதும், "அப்ப ஃப்ரீ ஷோதானே, திருவாரூர் பக்கத்துலதானே இருக்கு, வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு காலையில வாங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். ஃப்ரீ ஷோ! அந்த இரண்டு சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

விலை ஏறுவது எனக்குத் தெரியாததில்லை. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ என்ன விலை விற்கிறது என்று தெரிந்துதான் வாங்குகிறோம். ஆனால் எந்தப் பூக்காரியும் காசை வாங்கிக்கொண்டு, பூவைத் தலையில் வைத்த பிறகு, "இன்னிக்கு முகூர்த்தம், இன்னும் ரெண்டு மடங்கு கொடு" என்று கேட்டதில்லை. 4,200 என்று தீபாவளிக்கே போட்டிருந்தால் எடுப்பதும் விடுவதும் என் இஷ்டம். அன்றைக்கு ஆட்டோக்காரர் இரட்டிப்பாக வாங்கினார், தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேலே விற்றார்கள் (அது சட்டப்படியே குற்றம், அது வேறு புகார்). அரசு நகரப் பேருந்தில் மட்டும் ஆராதனை அன்றைக்கும் பெண்களுக்கு வழக்கம்போலக் கட்டணம் இல்லை.

கடைசியில் தஞ்சாவூரிலேயே கரந்தையில் ஒரு பழைய மாணவி வீட்டுக் கூடத்தில் படுத்தோம். ஒரே குளியலறை, அத்தனை பேர். நாங்கள் திருவையாறு போய்ச் சேர்ந்தபோது நாட்டை முடிந்து, கௌளையும் முடிகிற நேரம். பந்தலுக்கு வெளியே செருப்புக் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டுதான் ஆரபி பாடினோம். ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், நாட்டையில் பத்து சரணமும் ஸ்வரத்தோடு தயார் செய்து வைத்திருந்தவள், அழுத அழுகையை உங்கள் கூப்பன் ஈடுகட்டுமா?

ஆமாம், கூப்பன். திரும்பி வந்து பார்த்தால் செயலியில் "விருந்தினர் வரவில்லை, பணம் திரும்பாது" என்று இருக்கிறது. வரவில்லையா? வாசலில் நின்று உங்களுக்கே போன் செய்தேனே! சாட்டில் கேட்டால் ஒரு இயந்திரம் "உங்கள் சிக்கல் தீர்ந்ததா?" என்று கேட்கிறது, இல்லை என்றால் மறுபடி முதல் கேள்விக்குப் போகிறது. அப்புறம் ஒரு அம்மா, பாவம், மரியாதையாகவே பேசினார். லாட்ஜிலிருந்து "அறை தரவில்லை" என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். அதற்காக வகுப்பை நிறுத்திவிட்டு மறுபடி தஞ்சாவூர் போனேன். ஓனர் கும்பகோணம் போயிருக்கிறார், நாங்கள் எழுதித் தர மாட்டோம், ஆப்காரங்களைக் கேளுங்கள் என்றார்கள். தன் திருட்டுக்குத் தானே சாட்சிக் கடிதம் எழுதித் தருகிறவன் உலகத்தில் உண்டா? அந்த நீலப் பேனாத் தாளை மட்டும் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதன் பிறகுதான் நல்லெண்ண அடிப்படையில் 200 ரூபாய் கூப்பன் வந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில், "விசேஷ நாட்களில் செல்லாது" என்று போட்டிருக்கிறீர்கள். ஆக, எது விசேஷ நாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பன் கொடுக்கும்போது ஞாபகம் வருவது, என்னிடம் முழுப் பணம் வாங்கியபோது மட்டும் எங்கே போயிற்று?

உங்கள் நிறுவனத்தோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான். 2,800 ரூபாயும் முழுதாக, கூப்பனாக இல்லாமல், என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். "வரவில்லை" என்ற பொய்ப் பதிவை நீக்க வேண்டும். ஆட்டோச் செலவு, நின்றுபோன வகுப்பு, ஊரில் கெட்டுப்போன என் பெயர், குழந்தைகளின் ஒரு வருட உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். (அதுவே குறைவு.) அந்தத் தம்பி எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

மின்வணிக விதிகள், 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைப்பது உங்கள் கடமை. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. திருவாரூருக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். அப்போது தங்க இடம் வேண்டுமென்றால், தேர்த் திருவிழா சமயமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன். மாலை நாலரை மணியிலிருந்து ஆறரை வரை எனக்கு வகுப்பு, அந்த நேரத்தில் கூப்பிட வேண்டாம். மற்ற நேரத்தில் யார் வேண்டுமானாலும் பேசுங்கள், அந்தத் தம்பியைத் தவிர.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவு உறுதிச்சீட்டு, கட்டணப் பலகையின் படம், அன்றிரவு நான் பேசிய அழைப்புகளின் பட்டியல்.