செயலாளர் அறிக்கை: குவாட்ரில் ஏன் நின்றது, மினுவெட் ஏன் நடந்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சந்தா கட்டிய உறுப்பினர்களே, இனிமேல் கட்டவிருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் பாத் நகரில் இயங்கிவரும் நமது பழைய நடனச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வாராந்தரப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. கோடை விழா மழையால் மண்டபத்துக்குள் மாற்றப்பட்டது. கிறிஸ்துமஸ் வால்ட்ஸ் மாலை சிறப்பாக இருந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள்.

சதுரமாக நின்று கூட்டாக ஆடும் குவாட்ரிலை நிறுத்திவிட்டு, ஆண்டு முழுவதும் ஜோடி நடனமான மினுவெட்டையே எடுத்தது ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்களில் எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்பதை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். குவாட்ரில் ஆட நான்கு ஜோடி வேண்டும், சதுரத்தின் பக்கத்துக்கு ஒன்றாக. 1815-இல் லண்டன் ஆல்மாக்ஸ் அரங்குக்கு அது வந்தபோதும் இதே கணக்குதான். ஏழு பேரை நிறுத்தி, எட்டாவது இடத்தில் நாற்காலி போட்டும் பார்த்தாயிற்று. முதல் பகுதியான பான்டலோனில் எதிரெதிர்ப் பெண்கள் வலக்கை கொடுத்து இடம் மாறிப் போக வேண்டும். நாற்காலி கை கொடுக்காது.

மினுவெட்டுக்கு இரண்டு பேர் போதும். 18-ஆம் நூற்றாண்டில் இதே ஊரின் நடன மாலைகளில் ஆறு மணி முதல் எட்டு மணிவரை மினுவெட்தான்: ஒரு ஜோடி ஆடும், மற்றவர்கள் பார்ப்பார்கள். கூட்டமாக ஆடும் கன்ட்ரி டான்ஸ் அதற்குப் பிறகே. ஆகவே செயலாளர் தன்னிஷ்டத்துக்கு எதையும் புகுத்திவிடவில்லை.

வகுப்பில் அதிக நேரம் பிடித்தது அடி, அதாவது காலடி வைக்கும் முறைதான். மினுவெட்டின் ஓர் அடி ஆறு எண்ணிக்கை, அதாவது இசையில் இரண்டு பார் (மூன்று எண்ணிக்கை கொண்ட தாளப் பகுதி ஒரு பார்). அதற்குள் கால் மாற்றுவது நான்கே முறை: ஒன்றில் வலது, மூன்றில் இடது, நான்கில் வலது, ஐந்தில் இடது. முழங்கால் மடிவது இரண்டிலும் ஆறிலும். ஆறில் மடிந்தால்தான் அடுத்த ஒன்றில் எழ முடியும். ஒன்று வந்த பிறகு மடிபவர் கடைசிவரை இசைக்குப் பின்னாலேயே ஓடுவார். வால்ட்ஸ் பழகியவர்கள் மூன்று மூன்றாக எண்ணி ஒரு மிதி கூட்டிவிடுகிறார்கள். உடனே அடுத்த அடி இடக்காலில் தொடங்குகிறது. மினுவெட்டில் எல்லா அடியும் வலக்காலில்தான் தொடங்க வேண்டும்.

அடுத்த சிக்கல் இசட் கோலம், அதாவது Z எழுத்து வடிவில் நகர்வது. நடன ஆசிரியர் பியர் ராமோ 1725-இல் பாரிஸில் விளக்கிய முறையை ஒட்டி, பக்கவாட்டில் இடப்புறம் இரண்டு அடி, குறுக்கே வலத்தோள் கடந்து இரண்டு, வலப்புறம் இரண்டு என்று எடுத்தோம். ஆறு அடிக்குப் பன்னிரண்டு பார். இசையோ எட்டு எட்டாக முடிகிறது. காதை மட்டும் நம்புகிறவர்கள் எட்டாவது பாரில், ஜோடியைக் கடந்து முடித்த கையோடு, ஆட்டமே முடிந்ததுபோல் நின்றுவிடுகிறார்கள். இரண்டு இசட் சேர்த்து ஆடினால் இருபத்துநான்கு பார். இசையும் கோலமும் ஒன்றாக வந்து சேரும். அதுவரை அடியை எண்ணுங்கள், மெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். ரப்பர் அடிக் காலணியோடு வர வேண்டாம் என்றும் மறுபடி கேட்டுக்கொள்கிறேன். முன்பாதத்தில் திரும்பும்போது அது தரையைப் பிடித்துக்கொள்ள, முழங்கால்தான் திருகுகிறது.

வரவு செலவு ஏறத்தாழ சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம். மண்டப வாடகை ஏறியிருக்கிறது, சந்தா ஏறவில்லை. நிலுவைப் பட்டியலை இங்கே படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. என் கைப்பையில் இருக்கிறது.

பியானோ வாசித்தவர், தேநீர் கவனித்தவர்கள், மண்டபக் காவலர், தணிக்கையாளர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு குவாட்ரிலின் ஐந்து பகுதிகளையும் எடுக்க எனக்குத் தடையில்லை. எட்டுப் பேர் சந்தாவைக் கட்டி, பெயரும் கொடுத்தால் முதல் வாரமே தொடங்கலாம். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் பதிவேடுகளையும் மண்டபச் சாவியையும் இன்றே ஒப்படைக்கிறேன். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்