பொருள்: பழுதான காபன் நார் மின்வாய்களை மாற்றித் தராமல் இழுத்தடிப்பது

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முன்னைய நான்குக்கும் "கிடைத்தது, கவனிக்கிறோம்" என்ற ஒரே வரிதான் பதில்.

டோபமைன் என்ற மூளை இரசாயனத்தை அளப்பதற்கு உங்களிடம் வாங்கிய 6 மின்வாய்களில் 4 வேலை செய்யவில்லை. நாரைச் சுற்றிக் கண்ணாடி மூடிய இடத்தில் வெடிப்பு. நுணுக்குக்காட்டிப் படமும் அனுப்பியிருக்கிறேன். 7 மைக்ரோமீற்றர் நாரைச் சுற்றிய அந்த அடைப்பு சரியில்லாவிட்டால் கரைசல் உள்ளே ஏறும், பின்புல மின்னோட்டம் தாறுமாறாகும். செய்து விற்கிற உங்களுக்குத் தெரியாததா இது? மின்னழுத்தத்தை −0.4 இலிருந்து 1.3 வோல்ற்று வரை, செக்கனுக்கு 400 வோல்ற்று வேகத்தில், செக்கனுக்கு 10 தடவை என்று கையேட்டில் உள்ளபடியேதான் ஓட்டினேன். மற்ற இரண்டும் அதே கருவியில், அதே கரைசலில், 0.6 வோல்ற்றுக்குக் கிட்ட டோபமைனின் உச்சியைத் தெளிவாகக் காட்டுகின்றன. அப்படியென்றால் பிழை என் பக்கம் எப்படி வரும்?

"நேரில் கொண்டு வாருங்கள், அன்றைக்கே மாற்றித் தருவோம்" என்றீர்கள். நார் முறியக்கூடாதென்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் கண் மூடாமல் வந்தேன். காலை எட்டரைக்கே உங்கள் கொழும்பு அலுவலக வாசலில் நின்றேன். தொழில்நுட்பவியலாளர் லீவாம். பன்னிரண்டு மணிக்கு வந்த ஒருவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மட்டக்களப்பில இதெல்லாம் செய்யிறாங்களா? பாவிக்கத் தெரியாமல் உடைச்சிட்டு வந்து நிக்கிறீங்க" என்றார். இத்தனை பேர் முன்னிலையில். அப்படிச் சொன்னவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வரவேற்பில் இருந்த தங்கச்சி மட்டும் தண்ணீர் தந்து உட்காரச் சொன்னார், அவருக்கு நன்றி.

நஃபியன் பூச்சுக்கென்று தனியாகக் காசு வாங்கினீர்கள், டோபமைன் அளவீட்டில் விற்றமின் சி குறுக்கிடாதிருக்க. வெடித்த கண்ணாடிக்குப் பூச்சு எதற்கு? டோபமைன் கரைசலை வைத்து எடுக்க முடியாது, காற்றுப் பட்டால் பழுப்பேறிவிடும். இந்த நான்கோடும் மாரடித்த ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலக்கிக் கலக்கி வெளியே ஊற்றினேன். என் இரண்டு வருடப் படிப்பே உங்களால் பாழாகிவிட்டது.

தயவுசெய்து 14 நாட்களுக்குள் நான்கு புதிய மின்வாய்களை, அனுப்பு முன் சோதித்த வரைபடத்தோடு அனுப்பி வையுங்கள். புகையிரதச் செலவையும் தாருங்கள். இல்லாவிட்டால் பற்றுச்சீட்டு, படங்கள், உங்கள் ஒற்றை வரிப் பதில்கள் எல்லாவற்றோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரமும் கேட்டுவிட்டேன்.

பழுதான நான்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வேண்டுமானால் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இனி நான் கொழும்புக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி,
மட்டக்களப்பு