கேட் பூட்டியிருந்ததாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் நீர்க் கட்டண நிலுவை பற்றி வந்த செய்தியில், பாவனையாளர்களின் அலட்சியமும் ஒரு காரணம் என்று போகிற போக்கில் ஒரு வரி. தேத்தண்ணியோடு வாசிக்க உட்கார்ந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது, நான் ஆறவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஜனவரியில் 4 யுனிட் என்று பில் வந்தது. பெப்ரவரியிலும் அதே 4. கேட் பூட்டியிருந்ததால் மீற்றரைப் பார்க்காமலே மதிப்பீடு செய்தார்களாம். ஐயா, எங்கள் மீற்றர் இருப்பது கேட்டுக்கு வெளியே, றோட்டோரக் கானுக்குப் பக்கத்தில். தெரு நாய்கூட அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகும். மார்ச்சில் யாரோ பெரிய மனசு பண்ணிக் குனிந்து பார்த்திருக்கிறார், பில் 19 யுனிட். நானும் மனைவியும் மட்டும் உள்ள வீடு. மூன்று மாதத்துக்கும் சேர்த்து 27, பங்கிட்டால் மாதம் 9. எப்போதும் எங்கள் செலவு அவ்வளவுதான். ஆனால் கட்டணமோ ஐந்தைந்து யுனிட்டுக்கு ஒரு படி ஏறுகிறது. முதல் இரண்டு மாதமும் குறைந்த விலைப் படியில் மிச்சம் கிடந்த இடம் வீணாகப் போக, மார்ச்சில் 15க்கு மேற்பட்ட படியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணத்தைக் கூட்டினார்களே, அப்போது மட்டும் மதிப்பீடு ஒன்றும் இல்லை. சதம் பிசகாமல் வந்தது.

தண்ணீராவது ஒழுங்காக வருகிறதா? வாரத்தில் மூன்று நாள், விடியற்காலை மூன்றரைக்கு. குழாயைத் திறந்தால் முதலில் வருவது காற்று, பாம்பு சீறுகிற மாதிரி. ஒருநாள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். வாளியில் ஒரு சொட்டு விழவில்லை, மீற்றருக்குள் இருக்கும் சின்னச் சிவப்புச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றுகிறது. காற்றுக்கும் காசு கட்டுகிறவனைத்தான் அலட்சியக்காரன் என்கிறார்கள்.

பில்லை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் கந்தோருக்குப் போனேன். தமிழ் தெரிந்தவர் லீவாம். புதன்கிழமை வரச் சொல்லி கலண்டரில் விரல் வைத்துக் காட்டினார்கள். சரி என்று திரும்பினேன். புதன்கிழமைக்கு முன்னமே துண்டிப்பு அறிவித்தல் வந்துவிட்டது, முழுக்கச் சிங்களத்தில். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன், அதைக் கடை முதலாளியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு சீனி வாங்க வந்தவர்கள் நடுவில் நின்றேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழியான கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

அம்மா தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் மலையிலிருந்து வடியும் பீலித் தண்ணீர்தான். வரிசை, சண்டை, அட்டைக்கடி எல்லாம் உண்டு. ஆனால் எந்தப் பீலியும் அம்மாவின் குடத்தைப் பார்த்து, 'உனக்கு 19' என்றதில்லை. எங்கள் மலையில் ஓடும் மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாக இறங்கிப் போய், அம்பத்தளை சுத்திகரிப்பு நிலையத்தில் கொழும்புக்குக் குடிநீராவதும் நீங்கள் அறியாததா? அங்கேயும் மூன்றரைக்குத்தான் எழும்புகிறார்களா என்று விசாரித்துச் சொன்னால் புண்ணியம்.

குழாய் புதைக்கத் தோண்டிய றோட்டைப் பற்றி போன வருஷம் நான் எழுதிய கடிதத்தை நீங்கள் இரண்டு வரியாக்கிப் போட்டீர்கள். குழி மட்டும் இன்னும் முழுசாக இருக்கிறது.

இம்முறை அதிகம் கேட்கவில்லை. மீற்றர் பார்க்க வரும் திகதியை முந்திய மாத பில்லின் மூலையில் அச்சடிக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், போதும். அன்று கேட்டை விரியத் திறந்து வைத்து, மீற்றருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு நானே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.