சுவருக்குள் மறைந்த உழைப்புக்கு நன்றி

எங்கள் மரச்சட்டக வீட்டை வரைந்து, மரம் அறுத்து, பூட்டி நிறுத்தி, சோதித்துத் தந்த உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டைப் பார்க்க வருபவர்கள் முதலில் பாராட்டுவது கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளைத்தான். அவை கண்ணில் படுகின்றன என்பதால் அது இயல்பே. ஆனால் இவ்வீடு மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கக் காரணமான வேலையில் பெரும்பகுதி சுவர்களுக்குள்ளும் தரைக்கு அடியிலும் மூடப்பட்டுவிட்டது. இனி யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. அந்த வேலையைச் செய்தவர்களுக்குரிய நன்றி எழுத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே இம்மடலைப் பொதுவில் எழுதுகிறோம்.

ஆற்றல் தேவையைக் குறைத்து முடித்த பிறகே ஆற்றலை உண்டாக்குவது பற்றிப் பேச வேண்டும் என்ற வரிசையை எங்கள் கட்டடக் கலைஞர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சன்னல்கள் நோக்கும் திசை, கோடை வெயிலை மறைத்துக் குளிர்கால வெயிலை உள்ளே விடும் இறவாரத்தின் நீளம், வீட்டின் பரப்பு ஆகியவற்றை அவர் முடிவு செய்த பிறகுதான் மற்ற எதுவும் வரைபடத்தில் இடம்பெற்றது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட்டின் முயற்சியில் எழுந்த வீடுகளிலிருந்து வளர்ந்த, மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாஸிவ் ஹவுஸ் தரநிலை, அறைகளைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணிக்கு மேல் தேவைப்படக் கூடாது என்கிறது. அந்த அளவையே அவர் எங்களுக்கும் இலக்காக வைத்தார்.

கட்டமைப்புப் பொறியாளர் செய்த உதவி அடித்தளத்தில் இருக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வாயு வெளியேறுவதால், சூளையைத் தூய மின்சாரத்தில் இயக்கினாலும் அது முழுதாக நிற்பதில்லை. மரச்சட்டகம் எடை குறைந்தது என்பதைக் கணக்கில் கொண்டு, கான்கிரீட்டைத் தூண்களுக்கு அடியில் மட்டும் நிறுத்தியவர் அவர். மரவீடு எளிதில் எரிந்து விழாதா என்று உறவினர்கள் அஞ்சியபோதும் அவரே பொறுமையாக விளக்கினார்: பருத்த உத்தரத்தின் மேற்பரப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் வீதம் கரியாகும், அந்தக் கரிப்படலமே உள்மரத்தைக் காக்கும், எரிந்து கரையக்கூடிய அந்தக் கனத்தையும் சேர்த்தே உத்தரத்தின் அளவு கணக்கிடப்படுகிறது.

காட்டைப் பராமரிப்பவர்களுக்கும் மர அறுவை ஆலையில் உள்ளவர்களுக்கும் எங்கள் நன்றி தனியே உரியது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். எடை குறைந்த ஊசியிலை மரம் ஒரு கன மீட்டர், காற்றிலிருந்து உள்ளிழுத்த ஏறத்தாழ 800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கரிமத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. இதைச் சொல்லியே மரத்தை விற்றிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளர்ந்தால்தான், வெட்டிய மரம் எரியாமலும் மட்காமலும் தலைமுறைகள் நிலைத்தால்தான் அந்தக் கணக்கு உண்மையாகும் என்று சொல்லி, கன்றுகள் நிற்கும் பகுதிகளுக்கு எங்களை அழைத்துச் சென்று காட்டினார்கள். அந்த நேர்மையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.

தச்சர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்து இருக்கும்வரை மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகள் அதில் வேரூன்ற முடியாது. மரவீட்டின் ஆயுள் முழுவதும் இந்த ஒரு விதியைச் சார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தூணையும் கைமரத்தையும் ஈரமானியால் அளந்து, ஈரம் மிகுந்தவற்றைத் தயங்காமல் திருப்பி அனுப்பினீர்கள். மழை வருமோ வராதோ என்று பாராமல் மாலைதோறும் சட்டகத்தை மூடிவிட்டுச் சென்றீர்கள். எந்த மரமும் மண்ணைத் தொடாமல் உயர்த்தினீர்கள். மூட்டுகளில் பசைக்குப் பதிலாக மரமுளைகளையும் திருகாணிகளையும் கொண்டு பூட்டியதால், என்றோ ஒருநாள் இவ்வீட்டைப் பிரிக்க நேர்ந்தாலும் இந்த மரங்கள் வேறொரு வீட்டைத் தாங்கும்.

சுவரிடைவெளிகளில் மர இழையையும், கூரையில் பழைய செய்தித்தாளிலிருந்து செய்த இழையையும், சன்னல் ஓரங்களில் செம்மறியாட்டு உரோமத்தையும் நிரப்பியவர்களின் பணி, வெளியிலிருந்து பார்க்கும்போது எளிதாகத் தோன்றும். உண்மையில், தாள் இழையைப் போதிய அடர்த்தியில் ஊதி நிரப்பாவிட்டால் அது நாளடைவில் கீழே அமர்ந்து மேலே வெற்றிடம் விடும். ஆகவே ஒவ்வோர் அறைக்கும் சென்ற இழையின் எடையை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். மரத்தூண் அந்த இழையைவிட மும்மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், தூண்களின் வெளிப்புறம் முழுவதும் மர இழைப் பலகையால் இடைவெளியின்றிப் போர்த்தினார்கள். உள்பக்கத்துப் படலம் நீராவியைப் பெரிதும் தடுக்கும், வெளிப்பக்கம் அதை எளிதில் வெளியேற விடும். இந்த வரிசை தலைகீழானால் குளிர்காலத்தில் சுவர் உள்ளேயே நனைந்துவிடும்.

காற்றுக்கசிவைச் சோதித்தவர் வாசலில் விசிறியைப் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று அளந்தார், 0.6 முறைக்கு மேல் போகக் கூடாது என்பது பாஸிவ் ஹவுஸ் விதி. எண்ணைச் சொன்னதோடு தம் வேலை முடிந்தது என்று அவர் கிளம்பவில்லை. புகைக்குழலைக் கையில் பிடித்துக்கொண்டு மூலைமூலையாகச் சென்று, கசிந்த இடங்களைத் தச்சர்களுக்குக் காட்டி, அடைத்த பிறகு மறுபடியும் அளந்து, எல்லைக்குள் வந்ததும்தான் விடைபெற்றார். மின்பணியாளரும் குழாய்ப் பணியாளரும் சுவரின் உள்பக்கத்துப் படலத்தில் ஒரு புதுத் துளைகூட இடாமல், அதற்கு முன்னே விட்ட குறுகிய இடைவெளியிலேயே தங்கள் கம்பிகளையும் குழாய்களையும் அடக்கியது எங்களுக்குச் செய்த பெரும் உபகாரம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வெப்பப் பம்பும் சூரியத் தகடுகளும் வந்தன. ஓர் அலகு மின்சாரத்தைக் கொண்டு, வெளியிலுள்ள வெப்பத்தையும் உள்ளே இழுத்து, ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தரும் பம்பு அது. தேவை சிறியதாகிவிட்டதால் அதுவும் சிறியதே போதுமானதாயிற்று. மேகம் கவிந்த வாரங்களில் பொது மின்இணைப்பு தேவைப்படும் என்பதை நிறுவியவர் முன்கூட்டியே சொன்னதற்கும் நன்றி. பார வண்டிகளையும் இரைச்சலையும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், வழக்கத்திலில்லாத வரைபடத்தைக் கவனமாகப் படித்து ஒப்புதல் தந்த அலுவலர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வடக்குச் சுவரில் தச்சர்கள் பதித்த ஈரமானியின் அளவுகளையும் மின்கணக்கையும் மாதந்தோறும் குறித்து வருகிறோம். ஓராண்டுக் கணக்கு முடிந்ததும் அது உங்கள் ஒவ்வொருவருக்கும் வந்து சேரும். அடுத்து நீங்கள் கட்டப்போகும் வீட்டுக்கு அதைத் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மரவீடு கட்ட எண்ணுபவர்களை உங்களோடு அழைத்து வந்தால், இங்கே எல்லாவற்றையும் திறந்து காட்டுவோம்.

மிக்க நன்றியுடன்,
இவ்வீட்டில் வாழும் குடும்பத்தார்