கீல் நகரத்துப் பாட்டு

அன்புள்ள செந்தில்,

நீ ஜெர்மனிக்கு, அந்தக் கீல் நகரத்துக்குப் போனதிலிருந்து கீல் என்ற பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். அப்படிப் படித்ததுதான் இது. உங்கள் ஊர் ஃபெக்ஸ் என்ற இசைக்குழுவின் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்' பாட்டைக் கேட்டிருக்கிறாயா? இல்லையென்றால் இன்றைக்கே கேள். எனக்கு இப்போது சமைக்கும்போதெல்லாம் அதுதான் வாயில்.

1984 வாக்கில் வட ஜெர்மனியில் ஒரு பையன், என்டிஆர் வானொலியில் வந்த பாட்டுகளை கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறான். அதில் ஒன்றுதான் இந்தப் பாட்டு. நடுவில் அறிவிப்பாளர் குரல் வரக்கூடாதென்று அந்த இடங்களை விட்டுவிடுவானாம். பாட்டு சுத்தமாகக் கிடைக்கும். பாடியது யார் என்பது போய்விடும். நானும் உன் பெரியம்மாவும் திருச்சி வானொலியில் பாட்டுப் பிடிக்கும்போது பட்டனில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருப்போம். அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும் போலத்தான் இருக்கிறது.

2007இல் அவனுடைய சகோதரி அந்தப் பாட்டை இணையத்தில் போட்டு, இது யாருடையது என்று கேட்டார். பதிலே இல்லை. 2019இல் பிரேசிலில் ஓர் இளைஞன் அதைக் கையில் எடுத்த பிறகுதான் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்தார்கள். இணையத்தின் மிக மர்மமான பாட்டு என்று பேரே வைத்துவிட்டார்கள். அவர்கள் தேடிய விதத்தைப் படித்தால் கையெடுத்துக் கும்பிடலாம். அதே கேசட்டில் இருந்த மற்ற பாட்டுகள் எந்த வருஷத்தவை என்று பார்த்தார்கள். கீபோர்டு ஒலி யமஹா டிஎக்ஸ்7 போலிருக்கிறதே, அது 1983இல்தானே வந்தது என்று கணக்குப் போட்டார்கள். வானொலியின் பழைய ஒலிபரப்புப் பட்டியல்களையும் புரட்டினார்கள். அந்தக் காலத்துக் குழுக்கள் எத்தனையோ பேரிடம் 'இது உங்களுடையதா' என்று கேட்டுப் பார்த்தார்கள். இல்லை, இல்லை என்றே பதில் வந்தது.

கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய செய்தித்தாள். அந்தக் காலத்தில் வட ஜெர்மனியில் ஹோர்ஃபெஸ்ட் என்று ஒரு இசைப்போட்டி நடந்திருக்கிறது. அதில் கலந்துகொண்ட குழுக்களை ஒருவர் பழைய தாள்களில் தேடிக்கொண்டே போனபோது ஃபெக்ஸ் பெயர் அகப்பட்டது. கீபோர்டு வாசித்த மிஷாயேல் ஹெட்ரிஷைக் கேட்டார். ஆமாம், எங்கள் பாட்டுதான் என்றார். 2024 நவம்பரில் ஊரறியச் சொன்னார்கள். அதுவரை, தங்கள் பாட்டை இத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதே குழுவினருக்குத் தெரியாதாம்!

எனக்கு மனதில் நிற்பது அதுதான். பாடிய தூரே ருக்வார்ட், ஹெட்ரிஷ், பாஸ் கிடார் நோர்பர்ட் சியர்மான், டிரம்ஸ் ஹான்ஸ்-ரைமர் சீவர்ஸ். நான்கு பேரையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டை அப்போது ஒரு ரெக்கார்டாகக்கூட வெளியிடவில்லை. வாசித்தோம், முடிந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அது எங்கோ ஒரு வீட்டு கேசட்டில் உயிரோடு இருந்திருக்கிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது அவர்களிடம் போய்ச் சேர்ந்ததே, அதை நினைத்தால் எனக்கு அப்படியொரு நிம்மதி. அங்கே எங்காவது அவர்கள் வாசித்தால் போய்க் கேட்டுவிட்டு வா.

அப்புறம் ஒரு வேலை. நம் அலமாரி கேசட்டுகளில் வானொலி மெல்லிசைப் பாடல்கள் நிறைய இருக்கின்றன. சினிமாப் பாட்டென்றால் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். இவை வானொலிக்கென்றே பாடியவை. பல பாட்டுகள் வேறெங்கும் கிடைப்பதில்லை. காவிரியைப் பற்றி ஒரு பெண் பாடிய பாட்டு உனக்கும் ஞாபகமிருக்கும், நீ தூங்கும்வரை போடச் சொல்வாயே, அதுதான். பாடியவர் பெயர் எனக்குத் தெரியாது. டிசம்பரில் வரும்போது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லோரும் கேட்கிற மாதிரி போட்டுக் கொடு. அவரோ, அவர் வீட்டுப் பிள்ளைகளோ கேட்டால் தெரிந்துகொள்வார்கள்.

டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்கிறது. மெயின்கார்டு கேட் பக்கம் சரிசெய்கிறவர் ஒருவர் இருக்கிறாராம். அப்பா சனிக்கிழமை கொண்டுபோகிறார்.

அன்புடன்,
அம்மா